முத்தின் உள்ளே புகுந்த ஒளி

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தே பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளைப் படிப்போர், அவற்றுள் முத்துக்குக் கிடைத்துள்ள இடத்தைக் கண்டு வியப்பர். இறைவனுக்கு அளிக்கப்பெற்ற அணிகலன்களில் எத்தனை முத்துகள் கோக்கப்பட்டிருந்தன என்பதோடு, அவை எவ்வெவ் வகையின என்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என வடிவும் தன்மையும் பற்றிப் பெயர்கள் வருகின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளி பற்றிய பாகுபாடும் உண்டு. 'நீர்' என்பது இங்கே முத்தின் மேல் ஓடும் ஒளியைக் குறிக்கும். கோயிற் கணக்கர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன் இத்துணை நுட்பமாக முத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றால், அவருக்கு முன்னரே அக்கலை நன்கு முதிர்ந்திருந்தது என்பது வெளிப்படை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெரு வருணிக்கப்படும் இடத்தும், காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்கள் பேசப்படுகின்றன.

கொற்கையின் புகழைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் ஒரு செய்தி அடிக்கடி விடுபட்டுப் போகின்றது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற்பயண நூல்', பாண்டியர்க்குரிய கொற்கைக் கடலில் முத்துக்குளிக்கத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. அரசியர் மார்பில் கிடந்த அணி, சிறைப்பட்டோர் மூச்சடக்கி எடுத்த பொருள். முத்தின் வரலாற்றில் அழகைப் பற்றி எழுதுவோர் பலர். மூச்சைப் பற்றி எழுதியவர் சிலரே.

பிற்காலத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தபோதும், தரம் பிரிக்கும் முறை பழைய முறையாகவே இருந்தது. துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பத்து இருக்கும். முதற் சல்லடையில் இருபது துளைகள். இறுதிச் சல்லடையில் ஆயிரம் துளைகள். துளை மிகுதோறும் அதன் அளவு சிறுக்கும். சல்லடையால் அளவு பிரிந்தபின் வடிவையும் ஒளியையும் கண்ணே பிரித்தது. குற்றமற்ற உருண்டை முத்து ஆணிமுத்து எனப்பட்டது.

இத்தனை சோதனைகளிலும் ஒரு வினா எழவே இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 'இம்முத்து எத்தகையது?' என்றுதான் கேட்டனரேயன்றி, 'இது தானே விளைந்ததா?' என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. போலி முத்துகள் இருந்தன. பிரான்சு நாட்டில் 17ஆம் நூற்றாண்டில், மீன் செதில்களினின்று எடுத்த பளபளப்புச் சாந்தைக் கண்ணாடி மணியின் உட்புறம் பூசிச் செய்தனர். ஆனால் அவற்றைக் காண்பதற்கு அறிவியல் வேண்டியதில்லை. பல்லின் மேல் மெல்லத் தேய்த்துப் பார்த்தால் முத்து நறநறக்கும், கண்ணாடி வழுக்கும்.

முத்தின் விலை உச்சத்தில் நின்ற காலத்துக்கு ஒரு சான்று போதும். 1917ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் ஐந்தாம் அவென்யூவிலிருந்த ஒரு பெரிய மாளிகை, கார்த்தியே என்னும் நகை நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கு ஈடாகச் சென்றவை நூறு டாலர் பணமும், இரண்டு சரம் முத்துமாலையும். அம்மாலையின் மதிப்பு பத்து இலட்சம் டாலர் என்று கொள்ளப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1957இல், அதே முத்துகள் ஏலத்துக்கு வந்தன. கிடைத்த தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர். மாளிகையோ இன்றும் அந்நிறுவனத்தின் கடையாக நிற்கின்றது. இந்த நாற்பது ஆண்டுகளுக்கு இடையே நிகழ்ந்தது என்ன?

அதனை அறிய முத்து விளையும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். சிப்பியின் ஓட்டைச் சுரப்பது அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல். அத்தோலின் உயிரணுக்கள் சில, புண்ணாலோ ஒட்டுயிரியாலோ இடம் பெயர்ந்து, தசைக்குள் அகப்பட்டுக் கொள்வதுண்டு. அங்கும் அவை தம் தொழிலை விடுவதில்லை. ஒரு சிறு பையாக வளர்ந்து, அப்பைக்குள் சுண்ணாம்புப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுரக்கின்றன. அரகோனைட்டு என்னும் படிகத் தகடுகளும், அவற்றை ஒட்ட வைக்கும் ஒருவகைப் புரதப் பசையும் சேர்ந்து வெங்காயத் தோல்போல் வட்டம் வட்டமாகப் படிவதே முத்து. மணல் துகள் விழுந்து முத்தாகிறது என்பதும், மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்பதும் கேட்க இனியவை, எனினும் உண்மையல்ல.

இம்முறையை அறிந்த பின், மனிதன் சும்மா இருப்பானா? ஜப்பான் நாட்டில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி என்பவர் 1893இல் அரைக்கோள வடிவ முத்தைச் சிப்பிக்குள் வளர்த்துக் காட்டினார். ஓட்டின்மேல் ஒட்டி வளர்ந்த அஃது ஒரு பக்கம் தட்டையாக இருந்தமையின் எவரையும் ஏமாற்றவில்லை. முழு உருண்டை முத்தை வளர்க்கும் வழியை மிசே, நிசிக்காவா என்னும் இருவர் தனித்தனியே கண்டு, 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். நிசிக்காவா மிக்கிமோத்தோவின் மருமகன். மிசே தச்சுத் தொழில் செய்தவர். நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டைக் கடைந்து செய்த மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் தோலில் வெட்டிய சிறு துண்டையும் முத்துச்சிப்பியின் தசைக்குள் வைத்து, அதனை மீண்டும் கடலில் விடுவதே அம்முறை. தோல் துண்டு பையாக வளர்ந்து மணியைச் சூழும். அதன்மேல் முத்துப்படலம் படியும். அமெரிக்க நாட்டு மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகள் இம்மணிகளுக்காகவே கப்பலேறி ஜப்பான் சென்றன.

முதல் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில் இவ்வளர்ப்பு முத்துகள் இலண்டன் சந்தைக்கு வந்தன. 1921ஆம் ஆண்டில் கலவரம் மூண்டது. பெரு வணிகர்கள் இவற்றை நன்முத்தென்று நம்பி வாங்கியிருந்தனர் என்னும் செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டன. உயிரியல் அறிஞர் லிஸ்டர் ஜேம்சன் அவ்வாண்டிலேயே 'நேச்சர்' இதழில் இது குறித்து எழுதினார். மேற்படலம் இரண்டிலும் ஒரே பொருள். ஒரே முறையில் ஒரே உயிர் சுரந்தது. வேறுபாடு மையத்தில் மட்டுமே. அம்மையத்தை எவ்வாறு காண்பது? அறுத்துப் பார்க்கலாம். அறுத்தபின் அது நன்முத்தென்று தெரிந்தால் என்ன பயன்? மெய்ப்பிக்கப்பட்ட கணமே அழிந்துபோகும் மெய்ம்மை அது.

வணிகர்களின் அச்சத்தை நகையாடுவோர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கு ஏன் இத்துணைப் பரபரப்பு என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விலை என்பது அழகுக்கு மட்டும் தரப்படுவதன்று, அருமைக்கும் தரப்படுவது. பல நூறு சிப்பிகளைத் திறந்தாலும் நல்ல முத்தொன்று கிடைப்பது அரிது. அந்த அருமையை நம்பியே வங்கிகள் கடன் கொடுத்திருந்தன. பாரசீக வளைகுடாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உலை வைத்தன. அந்நம்பிக்கை உடையுமாயின் முதலில் முறிவது முத்துக்குளிப்பவன் முதுகே.

வழக்குகள் நடந்தன. 'போலி' என்றது ஒரு சாரார். 'முத்தே' என்றது மறு சாரார். நாளடைவில் 'வளர்ப்பு' என்னும் அடைமொழியோடு விற்பதென்ற வழக்கம் நிலைபெற்றது. அடைமொழி வைத்தால் போதுமா? அதனை வைக்காது விற்பவனைப் பிடிக்க வேண்டுமே! இதற்கென வைர, முத்து வணிகர்கள் ஒன்றுகூடி இலண்டன் வணிகக் கழகத்தின் சார்பில் 1925இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினர். பேசில் ஆண்டர்சன் என்னும் இளைஞர் அதன் பொறுப்பை ஏற்றார். இரத்தினங்களின் அறிவியலில் பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்ற அவர், அங்குச் செய்த முதல் வேலை மாணிக்கத்தையோ மரகதத்தையோ பற்றியதன்று, முத்தைப் பற்றியதே.

அவர் கையில் இருந்த கருவி பாரிசிலிருந்து வந்தது. சிலோவ்ஸ்கி, பெரேன் என்னும் இருவர் அமைத்த அக்கருவியை 'முத்தின் அகநோக்கி' எனலாம். அதன் நுட்பம் வியக்கத்தக்கது. கோப்பதற்காகத் துளைக்கப்பட்ட முத்தின் துளைக்குள் செல்லுமளவு மெல்லிய, உட்டுளையுள்ள ஊசி ஒன்று. ஊசியின் நுனிப்பகுதியில் சாய்வாக வைக்கப்பட்ட இரு சிறு ஆடிகள். ஒன்றன் முதுகை மற்றொன்று நோக்கி நிற்கும். ஒரு பக்கத்திலிருந்து வலிய ஒளி ஊசிக்குள் பாய்ச்சப்படும். முதல் ஆடியில் பட்ட ஒளி மேல்நோக்கித் திரும்பி முத்தின் சுவருக்குள் நுழையும். இயற்கை முத்தாயின் அதன் அடுக்குகள் மையத்தைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்குமல்லவா? எனவே ஒளி அவ்வடுக்கு வழியே வளைந்து சென்று, மையத்தைச் சுற்றி வந்து, இரண்டாம் ஆடியில் விழும். மறுமுனையில் உருப்பெருக்கி வழியே நோக்குபவர் கண்ணில் ஒரு மின்னல் தோன்றும். வளர்ப்பு முத்தாயின் ஊசி நிற்பது சிப்பி ஓட்டு மணிக்குள். ஓட்டின் அடுக்குகள் வட்டமானவை அல்ல. பலகை அடுக்கியதுபோல் நேரானவை. அவ்வழியே சென்ற ஒளி வளையாது நேரே வெளியேறி, முத்தின் புறத்தே ஒரு கீற்றாகத் தெரியும். மின்னல் தோன்றாது.

கைப்பழக்கம் உள்ளவர் இக்கருவியால் ஒரு மணி நேரத்தில் இருநூறு முத்துகளைச் சோதிக்க இயலும். மாலையை அவிழ்த்து, ஒவ்வொரு முத்தாக ஊசியில் ஏற்றி, மின்னலைத் தேடித் தேடிக் கழிந்த நாள்கள் அவை. நூறு நல்முத்துகளுக்கு இடையே பத்து வளர்ப்பு முத்துகளைக் கலந்து கோப்பது அந்நாளைய ஏமாற்று. அதனை அகநோக்கி விடவில்லை.

துளையிடாத முத்துக்கு இக்கருவி பயன்படாது. அதற்கு ஊடுகதிர் வந்தது. படிகத்தின் ஊடே எக்ஸ் கதிர் சென்றால் அதன் அணுக்களின் ஒழுங்கைக் காட்டும் புள்ளிகள் படத்தகட்டில் விழும் என்று 1912இல் மாக்ஸ் ஃபான் லாவே கண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பாரிசில் தோவிலியே என்பவர் அதனை முத்தின்மேல் ஏவினார். இயற்கை முத்தில் படிகங்கள் எல்லாம் மையத்தினின்று ஆரக்கால்போல் நிற்பவை. எப்பக்கம் திருப்பினாலும் படத்தில் அறுகோண அமைப்பே விழும். வளர்ப்பு முத்தின் உள்மணியிலோ படிகங்கள் அனைத்தும் ஒரே திசை நோக்குபவை. பெரும்பாலான நிலைகளில் நாற்புள்ளி அமைப்பு விழும். ஒரே ஒரு திசையில் மட்டும் அதுவும் அறுகோணமாகத் தோன்றுவதால், முதற்படத்தில் அறுகோணம் கண்டவுடன் முடிவு கூறலாகாது. முத்தைச் செங்கோணத்தில் திருப்பி மீண்டும் ஒரு படம் எடுத்தல் வேண்டும். சோதனையில் பொறுமை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஆசிரியர்கள் வகுப்பறையில் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

அடர்த்தியைக் கொண்டு பிரிக்கும் முயற்சியும் நடந்தது. தக்க அடர்த்தியுடைய நீர்மத்தில் இட்டால் இயற்கை முத்துகளில் பெரும்பாலானவை மிதக்கும். வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலானவை அமிழும். இச்சோதனையின் குறை 'பெரும்பாலான' என்னும் சொல்லிலேயே உள்ளது.

அறிவியல் வென்றது, வணிகம் தோற்றது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியோடு முத்தின் விலையும் சரிந்தது. அடக்க விலையில் அழகிய மாலை கிடைக்கும்போது அருமைக்குப் பணம் கொடுப்போர் குறைந்தனர். பாகுரைன், குவைத்து, துபாய் ஆகிய துறைமுகங்களில் மரக்கலங்கள் கரையேறின. அங்கே முத்துக்குளிப்போர் பருவம் தொடங்குமுன் முன்பணம் பெற்று, அக்கடனை அடைக்க இயலாமலே ஆண்டுக்காண்டு கடலில் இறங்கியவர்கள். பாகுரைனில் 1932இல் எண்ணெய் கிடைத்தமையால் அத்தீவு பிழைத்தது. ஆய்வுக்கூடங்கள் எத்துணைத் திறமையாக இயற்கை முத்தை அடையாளம் காட்டியபோதும், அவற்றால் அதன் சந்தையைக் காக்க இயலவில்லை. அடையாளம் வேறு, ஆதரவு வேறு.

மன்னார் வளைகுடாவின் கதை வேறு வகையில் முடிந்தது. அங்குச் சிப்பிப் பார்கள் சில ஆண்டுகள் நிறைவதும் பல ஆண்டுகள் வறிதாவதுமாக இருந்தன. தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்புத் தொடரோடு அப்பழந்தொழில் ஓய்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே தூத்துக்குடியில் இந்திய நடுவணரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி, வளர்ப்பு முத்தை உருவாக்கினார். கொற்கைச் சிப்பியின் வழித்தோன்றல் மனிதன் வைத்த மணியைச் சுற்றி முத்துச் சுரந்தது. நிசிக்காவாவின் முறை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் பாண்டியர் கடலை வந்தடைந்தது.

முத்தைச் சோதித்த வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. இராமன் ஒளி, நிறம் ஆகியவற்றின்பால் வாழ்நாள் முழுதும் காதல் கொண்டிருந்தார். சிப்பி ஓடுகளையும் இரத்தினங்களையும் தேடிச் சேர்த்தார். 1954இல் கிருஷ்ணமூர்த்தி என்னும் தம் மாணவரோடு சேர்ந்து, முத்தின் அடுக்குகளுக்குள் ஒளி பரவும் முறையையும் அங்குத் தோன்றும் வண்ண வளையங்களையும் ஆராய்ந்து எழுதினார். ஆயினும் இன்று முத்துச் சோதனைக்கு மிகுதியும் உதவுவது அக்கட்டுரையன்று. 1928இல் அவர் கண்டறிந்த 'இராமன் விளைவு'. ஒரு பொருளின்மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் சிறிது நிறம் மாறியிருக்கும். அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். லேசர் ஒளி கிடைத்தபின் இது பெருங்கருவியாயிற்று. முத்தின் நிறம் சிப்பி தந்த இயற்கை நிறமியா, கடைக்காரர் ஏற்றிய சாயமா என்பதையும், மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெயோ பிசினோ நிரப்பப்பட்டுள்ளதா என்பதையும் கல்லைத் தீண்டாமலே அது கூறிவிடும். உலகின் பெரிய இரத்தின ஆய்வுக்கூடங்களில் அப்பெயர் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது.

அகநோக்கியின் காலம் நெடிது நீடிக்கவில்லை. ஜப்பானின் பீவா ஏரியிலும், பின்னர்ச் சீனத்திலும், மணியே வைக்காமல் தோல் துண்டை மட்டும் வைத்து நன்னீர்ச் சிப்பிகளில் முத்து வளர்க்கும் முறை பரவியது. உள்ளே நேரடுக்கு மணி இல்லை, ஒளி வளைந்தே வரும், மின்னலும் தோன்றும். கருவி பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விதான் பழையதாகிவிட்டது. எக்ஸ் கதிர் பட்டால் நன்னீர் முத்து அதிலுள்ள மாங்கனீசால் ஒளிரும் என்பது கண்டறியப்பட்டு, நன்னீர் முத்தையும் கடல் முத்தையும் பிரிக்க உதவியது. கடல்நீர்ச் சிப்பியிலேயே மணியின்றி விளைந்தவற்றைப் பிரிப்பதோ இன்றும் அரிய பணி. மருத்துவமனைகளில் மூளையைப் படமெடுக்கும் முறையைப் போன்றதொரு முறையால், முத்தைச் சிறுகச் சிறுகச் சுழற்றி ஆயிரக்கணக்கான எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்து, அதன் உள்ளமைப்பை முப்பரிமாணத்தில் கண்டு, மையத்தின் சிறு வெற்றிடம் எவ்வாறு அமைந்துள்ளது என்று நிபுணர் வாதிடுகின்றனர்.

முத்துக்குப் பிறப்புச் சான்று தேடும் முயற்சியும் தொடங்கிவிட்டது. முத்தின் படலங்களுக்கிடையே உள்ள புரதப் பசையில் சிப்பியின் மரபணுத் துணுக்குகள் எஞ்சியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, எவ்வகைச் சிப்பி அம்முத்தை ஈன்றது என்று கூற இயலும் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிவியலார் 2013இல் காட்டினர். கருப்பு உதட்டுச் சிப்பியா, தென்கடற் பெருஞ்சிப்பியா என்பதை இது தெளிவாகப் பிரிக்கும். பாரசீக வளைகுடா, மன்னார் வளைகுடா, ஜப்பான் ஆகிய மூன்று கடல்களின் சிறு முத்துச்சிப்பிகளோ மிக நெருங்கிய உறவினர். அவற்றுள் 'இது கொற்கை முத்து' என்று சொல்லுவது எளிதன்று.

பாகுரைன் தன் முத்துக்குளிப்பு மரபை மறக்கவில்லை. அதன் சிப்பிப் பார்களும் முகரக் நகரத்துப் பழைய வணிகர் மனைகளும் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. 2017இல் முத்துக்கும் இரத்தினங்களுக்குமெனப் புதிய ஆய்வு நிறுவனம் அங்கு அமைந்தது. இயற்கை முத்தின் விலையும் மீண்டெழுந்துள்ளது. பிரான்சு அரசி மரீ அந்துவானெத்துக்கு உரியதாயிருந்த முத்துத் தொங்கல் ஒன்று 2018இல் ஜெனீவா ஏலத்தில் மூன்று கோடியே அறுபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. விலை ஏறினால் ஐயமும் ஏறும்.

அவ்வையத்தைத் தீர்க்க இப்போது காலத்தையே அளக்கின்றனர். சிப்பி கடல்நீரிலுள்ள கரியைக் கொண்டு முத்தைச் சுரக்கின்றது. அதிலுள்ள கதிரியக்கக் கரியின் அளவை எண்ணினால் முத்தின் அகவை தெரியும். 1950களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் கடலிலும் அக்கரியை மிகுவித்தமையால், அதன்பின் விளைந்த முத்து தனியே தெரிந்துவிடும். முந்நூறு ஆண்டு அகவையுடைய முத்து வளர்ப்பு முத்தாக இருக்க வழியில்லை. இச்சோதனைக்குச் சிறிது துகள் வேண்டும். முத்தின் முகத்தைச் சுரண்டுவதில்லை. என்றோ ஒருநாள் பெயரறியாத் துளைஞன் ஒருவன் நூல் கோக்கத் துளைத்த துளையின் உட்சுவரிலிருந்தே அத்துகளைச் சுரண்டி எடுக்கின்றனர்.